உருளைக்கிழங்கில் எத்தனை அசை?

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்திலிருந்து பிள்ளையின் பேச்சு தெளியவில்லை என்று வரும் பெற்றோர் பெரும்பாலும் ‘ர’ வரவில்லை, ‘ழ’ வரவில்லை என்று எழுத்துகளையே குறிப்பிடுகிறார்கள். பேச்சுப் பயிற்சியாளராக நான் முதலில் கவனிப்பது, சொல்லின் அசைகள், அதாவது ஓர் உயிரொலியைச் சுற்றி ஒன்றாகப் பிறக்கும் ஒலித்துண்டுகள், ஒன்றும் விடுபடாமல் வருகின்றனவா என்பதை.

இந்த நீலகிரி மலையில் விளையும் உருளைக்கிழங்கையே எடுத்துக்கொள்வோம். எழுத்தில் அது எட்டு. ஆனால் க், ங் என்னும் மெய்கள் தனித்து நிற்காமல் முன்னுள்ள உயிரோடு ஒட்டிக்கொள்வதால், உ-ரு-ளைக்-கி-ழங்-கு என்று வாயில் ஆறு அசைகளே பிறக்கின்றன. யாப்பிலக்கணமோ அடுத்தடுத்து வரும் இரு குறில்களை ஒரே நிரையசையாகக் கொள்வதால், உரு/ளைக், கிழங்/கு என நான்காக அலகிட்டு, நிரையும் நேருமாக அமைந்த இரண்டு புளிமாச் சீர்கள் என்று முடித்துவிடும். மெய்யெழுத்தைத் தனி அசையாக எண்ணக் கூடாது என்ற விதியை மனப்பாடம் செய்யவைத்த பள்ளிகள், அதை ஒருமுறை வாயால் சொல்லிப் பார்க்கவும் விட்டிருந்தால், வெண்பா பலருக்குக் கசந்திருக்காது.

மூன்று வயதுக் குழந்தை உருளைக்கிழங்கைக் ‘கியங்கு’ என்றால் அஞ்ச வேண்டியதில்லை. நீண்ட சொல்லில் சில அசைகளை விடுவது அந்த வயதுக்கு இயல்பு. நான்கு வயதைக் கடந்தும் பல சொற்களில் அசைகள் உதிருமானால், முதலில் கேட்புத்திறனைச் சோதிக்க வேண்டும். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுச்செவியில் நீர் தேங்கி, காது வலியே இல்லாமலும் கேட்புத்திறன் மங்கியிருக்கக்கூடும் என்பதால், மலையில் சளி சகஜம் என்று இதைத் தள்ளிவிடலாகாது.

வீட்டில் அசைக்கு ஒரு கைதட்டாகச் சொல்லிப் பழக்கலாம். எழுத்துக்கு ஒன்றாகத் தட்டினால் குழந்தை க் என்பதற்கும் ஓர் உயிரைச் சேர்த்து ‘ளை-க்கு-கி’ என்று இழுக்கத் தொடங்கும். பள்ளிக்கூட எழுத்துக்கூட்டலில் ஊறிய பெற்றோரிடம் இதை அடிக்கடி காண்கிறேன். வீட்டில் படுக மொழி பேசும் குழந்தைக்கு ‘ஹட்-டி’ (ஊர்) போன்ற பழகிய சொல்லில் தொடங்குவதே எளிது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு குழம்பாது. ஆகவே தமிழில் மட்டும் பேசுங்கள் என்று யாராவது சொன்னால் அதற்காகத் தாய்மொழியை நிறுத்திவிடாமல், எந்தெந்த அசைகள் இரு மொழியிலும் விடுபடுகின்றன என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.