கிரகித்தல், விளங்குதல், கொள்ளல்: ஆங்கில வாசிப்புச் சோதனைக்கு எந்தச் சொல்?

ஒரு பந்தியைக் கொடுத்து அதன்கீழ் கேள்வி கேட்டால், அது தமிழ் வினாத்தாளோ ஆங்கில வினாத்தாளோ, அந்தப் பகுதிக்கு நம் பிள்ளைகள் சொல்லும் பெயர் ‘கிரகித்தல்’. ‘கொம்பிரிகென்ஷன்’ என்பதற்கு இலங்கைப் பாடசாலைகளில் வேரூன்றிவிட்ட தமிழ் இது. ஆனால் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ எந்த ஆசிரியரும் வகுப்பில் “கிரகிச்சிட்டீங்களா?” என்று கேட்பதில்லை. “விளங்கிச்சா?” என்பார். “விளங்கல்ல, சேர்” என்று பதில் வரும். தாளில் ஒரு சொல், வாயில் இன்னொரு சொல். இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணிப் புழங்குகிறோம். வேரிலே அவை ஒன்றல்ல.

‘கிரகித்தல்’ வடமொழியின் ‘க்ரஹ்’ என்ற வேரிலிருந்து வந்தது. பற்றுதல், பிடித்தல், கவர்ந்து கொள்ளுதல் என்பது அதன் பொருள். கிரகணம், கிரகம், சங்கிரகம், திருமணத்தில் கைப்பற்றுதலைக் குறிக்கும் பாணிக்கிரகணம் எல்லாம் இதே குடும்பம். ஆங்கிலச் சொல்லும் இதே வழியில் பிறந்ததுதான். இலத்தீனில் ‘பிரெஹெண்டெரே’ என்றால் பிடித்தல்; ‘கொம்’ என்ற முன்னொட்டு ‘ஒருங்கே, முழுதாக’ என்ற அழுத்தத்தைத் தருகிறது. சிதறாமல் சேர்த்துப் பிடிப்பதே ‘கொம்பிரிகென்ஷன்’. ஆகவே சொல்லுக்குச் சொல் என்று பார்த்தால் ‘கிரகித்தல்’ பிழையான பெயர்ப்பு அல்ல. அதில் விடுபட்டது அந்த ‘முழுதாக’ என்ற பகுதி. சோதனைத் தாள்களில் நடக்கும் கோளாறும் அங்கேதான் தொடங்குகிறது.

‘விளங்குதல்’ ஒளிர்தல், தெளிவாகத் தோன்றுதல். விளக்கு, விளக்கம் இரண்டும் அதனோடு பிறந்தவை. தமிழ்நாட்டார் ‘புரிகிறது’ என்னும் இடத்தில் நாம் ‘விளங்குது’ என்கிறோம். இதில் பிடிப்பவர் இல்லை. பொருள் தானாகத் துலங்குகிறது. அதனால்தான் தமிழ் அதோடு ‘கொள்’ என்ற துணைவினையைச் சேர்க்கிறது: விளங்கிக்கொள்ளல். ‘கொள்’ என்பது எடுத்தல், பெறுதல், உள்ளடக்குதல் மூன்றையும் தாங்கும் சொல். கொள்வனவு, கொள்ளளவு, உட்கொள்ளல் எல்லாவற்றிலும் இருப்பது அதுவே. நன்னூல் பொதுப்பாயிரத்தில் மாணவன் பாடம் கேட்கும் முறைக்குப் பெயர் ‘கோடல் மரபு’. கோடல் என்றால் கொள்ளுதல். ‘செவி வாயாக நெஞ்சு களனாக’ என்று அங்கே வருகிறது: காது உண்ணும் வாய், நெஞ்சு அதை இட்டுவைக்கும் இடம். ஆங்கிலச் சொல்லின் ‘முழுதாகப் பிடித்தல்’ என்ற கருத்துக்கு நம்மிடம் ஏற்கெனவே இருந்த சொல் இதுதான்.

‘வாசித்தல்’ என்பதையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். அதன் வேர் ‘வாக்கு’, அதாவது குரல். எழுத்தைக் குரலாக்குவதே முதற்பொருள். அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் வழங்கும் ‘ஓதல்’ இதற்குப் பக்கத்திலே நிற்கும் சொல்; சரியான உச்சரிப்போடு குரலெடுப்பது அதன் உயிர். அது தனக்குரிய இடத்தில் உயர்ந்த பயிற்சி. ஆனால் ஆங்கில வகுப்பில் ஒவ்வொருவராக எழும்பி நான்கு வரி சத்தமாக வாசித்து அமர்வது விளங்கிக்கொள்ளும் பயிற்சியாகாது. உரத்து வாசிப்பவரின் கவனம் நாவிலே நிற்கும். வாசித்து முடித்த உடனே “என்ன சொல்லியிருக்கு?” என்று கேட்டால் மீண்டும் மேலே பார்ப்பார்.

அடுத்த சொல், துறையின் பெயர். ஒலுவிலில் பொறியியல் படிப்பவர், வந்தாறுமூலையில் விவசாயம் படிப்பவர், மட்டக்களப்பில் தாதியர் பயிற்சி பெறுபவர் ஆகியோருக்கு அவரவர் வேலைக்கான ஆங்கிலத்தைக் கற்பிப்பதைச் சிலர் ‘விசேட நோக்க ஆங்கிலம்’ என்று எழுதுகிறார்கள். தொடக்கத்தில் ஆங்கிலத்திலும் ‘ஸ்பெஷல்’ என்றே வழங்கியது. பின்னர் ‘ஸ்பெசிஃபிக்’ என்று மாற்றினார்கள். காரணம் உண்டு. ‘விசேட’ என்றால் தனிவகை ஆங்கிலம் ஒன்று இருக்கிறது, அதன் கலைச்சொற்களைப் பாடமாக்கினால் போதும் என்ற எண்ணம் வரும். வேறுபடுவது மொழியல்ல, வாசிப்பவரின் தேவை. எனவே ‘குறித்த நோக்குக்கான ஆங்கிலம்’ என்பதே சரி. தமிழ்க் கலைச்சொல்லாக்கத்துக்கு 1930களில் சென்னையில் முன்னின்று உழைத்த விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு அம்பாறை மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஒரு சொல்லைத் தேர்வதில் நாம் சோம்பக்கூடாது.

இனிச் சோதனைத் தாளுக்கு வருவோம். ஒரு களைநாசினிப் போத்தலின் அறிவுறுத்தல் பந்தியாகத் தரப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘அறுவடைக்கு முந்திய இடைவெளி 14 நாள்’ என்று அதில் ஆங்கிலத்தில் இருக்கிறது. “அறுவடைக்கு முந்திய இடைவெளி எவ்வளவு?” என்று கேட்டால், மாணவர் கேள்வியில் உள்ள ஆங்கிலச் சொற்களைப் பந்தியில் தேடுவார், அந்த வசனத்தை அப்படியே பெயர்த்து எழுதுவார், முழுப்புள்ளி பெறுவார். இது அசல் கிரகித்தல்: பிடித்தாயிற்று, விளங்கவில்லை. அதே விடயத்தை வேறுவிதமாகக் கேளுங்கள்: “ஒருவர் 3ஆம் திகதி மருந்தடித்தார். வெட்டு மெசின் 14ஆம் திகதி வட்டைக்கு வருகிறது. வெட்டலாமா? இல்லையென்றால் எப்போது?” 11 நாள்தான் ஆகியிருக்கிறது, 17ஆம் திகதிவரை பொறுக்கவேண்டும் என்று சொல்பவர் விளங்கியதோடு நிற்காமல், அதை உள்ளே எடுத்து ஒரு முடிவுக்குப் பயன்படுத்தியும் இருக்கிறார்; அதுவே கொள்ளல். கேள்வியின் முக்கிய சொல் பந்தியில் அப்படியே இருக்கக்கூடாது என்பது முதல் விதி. பந்தியிலுள்ள தகவலை அட்டவணையாக, படமாக, முடிவாக மாற்றச் செய்வது அதைவிட நல்லது.

குறித்த நோக்குச் சோதனைக்கே உரிய சிக்கல் இன்னொன்று உண்டு: பாட அறிவு. விவசாய மாணவருக்கு யூரியாவைப் பற்றிப் பொதுவான பந்தி கொடுத்தால், பந்தியைத் தொடாமலே விடை எழுதுவார். அவருடைய ஆங்கிலம் சோதிக்கப்படவில்லை. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, அதே நிலையிலுள்ள வேறு மாணவர் சிலரிடம் பந்தியை மறைத்துக் கேள்விகளை மட்டும் கொடுப்பது. நான்கு தெரிவு உள்ள வினாக்களில் குருட்டு ஊகமே 25 வீதம் சரிவரும். அதைவிடத் தெளிவாகக் கூடுதலாகச் சரிவரும் வினாவை எடுத்துவிடவேண்டும். பந்தி தெரிவு செய்யும்போதே பொது உண்மைகளைத் தவிர்த்து, ஒரு குறிப்பிட்ட வயலில் நடந்த பரிசோதனை, ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தின் கையேடு என்று எடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

விடை எந்த மொழியில்? வாசிப்பைத்தான் சோதிக்கிறோம் என்றால் தமிழில் விடையளிக்க இடம் கொடுக்கவேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி எழுத்துப்பிழைக்கும் இலக்கணத்துக்கும் புள்ளி வெட்டினால், விளங்கியும் எழுத வராதவர் விழுவார். விளங்காமல் வசனத்தைப் பெயர்த்தெழுதியவர் பிழையில்லாத ஆங்கிலத்தோடு மேலே போவார். ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும் என்று நிறுவனம் வற்புறுத்தினால், எண், குறி, ஒருசொல் விடை, அட்டவணை நிரப்பல் என்று எழுத்துச் சுமையைக் குறைக்கலாம்.

பந்தியின் கடினத்தைக் கண்ணால் மட்டும் மதிப்பிடக்கூடாது. தெரியாத சொல் 50க்கு ஒன்று என்ற அளவில் இருந்தால் மாணவர் துணையின்றி வாசித்துப்போவார். 20க்கு ஒன்று என்றால் ஆசிரியர் துணை வேண்டும். அதற்கும் மேலே போனால் அது அகராதி வேலை. 300 சொற் பந்தியை மாணவர் சிலரிடம் கொடுத்துத் தெரியாத சொல்லின்கீழ் கோடிடச் சொன்னாலே கணக்கு வந்துவிடும். பெரும்பாலும் கலைச்சொற்கள் பிரச்சினை தருவதில்லை. அவற்றைப் பாட விரிவுரையிலேயே கேட்டிருப்பார்கள். தடுக்கி விழுத்துவது ‘அன்லெஸ்’, ‘அற் லீஸ்ட்’, ‘நொட் மோர் தான்’ போன்ற சின்னச் சொற்கள். ‘மஸ்ட்’ என்பதற்கும் ‘மே’ என்பதற்கும் உள்ள தூரம் ஒரு மருந்துச் சிட்டையில் எவ்வளவு பெரியது!

வசன அமைப்பிலும் நமக்கென்று தடங்கல் உண்டு. ‘மருந்தடித்த வயல்’ என்று நாம் அடையை முன்னே வைக்கிறோம்; ஆங்கிலம் வயலை முதலில் சொல்லி, மருந்தடித்த கதையைப் பின்னே தொங்கவிடும். அந்த வால் நீளும்போது எழுவாயும் பயனிலையும் பிரிந்துபோகும். எழுவாய்க்கும் பயனிலைக்கும் கோடிட்டு, நடுவிலுள்ளதை அடைப்புக்குள் போடப் பழக்குவதே மருந்து. ஆனால் பெயர்கள் அடுக்கி வரும் தொடரில் தமிழ் நமக்குக் கைகொடுக்கும். ‘நெல் விதை முளைப்புப் பரிசோதனை முடிவுகள்’ என்ற தொடர் ஆங்கிலத்திலும் இதே வரிசையில்தான் வரும். கடைசிச் சொல்லே தலை என்று சொல்லிக்கொடுத்தால் மாணவர் சட்டென்று பிடித்துக்கொள்வார்.

‘குளோஸ்’ என்ற முறையையும் ‘கீறிட்ட இடம் நிரப்புக’ என்பதையும் ஒன்றாக்கக்கூடாது. 1953இல் வில்சன் டெய்லர் முன்வைத்த ‘குளோஸ்’, இடைவெளியை மனம் தானே நிறைத்துக்கொள்ளும் என்பதைக் குறிக்கும் ‘குளோஷர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. முதல் வசனத்தை முழுதாக விட்டு, பிறகு ஐந்தாவதோ ஏழாவதோ சொல்லை ஒரே ஒழுங்கில் நீக்குவார்கள். எந்தச் சொல் போகும் என்பதை ஆசிரியர் தீர்மானிப்பதில்லை. தமிழில் ‘ஒழுங்குமுறை இடைவெளி நிரப்பல்’ என்றால் வேறுபாடு தெரியும்.

தாள் திருத்தி முடிந்ததும் வினாக்களையும் திருத்தவேண்டும். 40 பேர் எழுதினால், மொத்தப் புள்ளியில் மேல் 27 வீதம், கீழ் 27 வீதம் என இருபக்கமும் 11 பேரை எடுங்கள். ஒரு வினாவுக்கு மேல் 11இல் 9 பேரும் கீழ் 11இல் 4 பேரும் சரியாக எழுதியிருந்தால், வித்தியாசம் 5. அதை 11ஆல் வகுத்தால் 0.45. வல்லவரையும் பின்தங்கியவரையும் அந்த வினா எவ்வளவு பிரித்துக்காட்டுகிறது என்பதன் அளவு அது. இது நல்ல வினா. 0.3க்கு மேல் இருந்தால் வைத்துக்கொள்ளலாம், 0.2க்குக் கீழ் போனால் திருத்தி எழுதவேண்டும். மேல் அணியைவிடக் கீழ் அணி கூடுதலாகச் சரியெழுதி எண் எதிர்மறையாக வந்தால், முதலில் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள். பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும்.

வினாத்தாளின் தலைப்பில் ‘கிரகித்தல்’ என்று இருப்பதை மாற்றப் போராடத் தேவையில்லை. பிள்ளைகளுக்குப் பழகிய பெயர் அது. ஆனால் பாடவிதானத்திலும் புள்ளித் திட்டத்திலும் ‘வாசித்து விளங்கிக்கொள்ளல்’ என்று எழுதுங்கள். புள்ளித் திட்டத்தில் ‘விளங்கல்’, ‘கொள்ளல்’ என்று இரண்டு நிரல் போட்டு, ஒவ்வொரு வினாவும் எதன்கீழ் வருகிறது என்று குறியுங்கள். இரண்டாவது நிரல் வெறுமையாக இருந்தால் அந்தத் தாளை இன்னும் அச்சுக்கு அனுப்பவேண்டாம்.