போகிக்கு மீன் தொட்டியைக் கழுவாதீர்கள்

ஒவ்வொரு வருடமும் பொங்கல் கழிந்த நாலைந்து நாளில் என் போன் ஓயாமல் அடிக்கும். "அண்ணா, நேத்து வரைக்கும் நல்லா இருந்த மீனு, இன்னிக்கு எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது, ரெண்டு செத்தே போச்சு." நான் கேட்கும் முதல் கேள்வி, போகிக்குத் தொட்டியைக் கழுவினீர்களா என்பதுதான். பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும். வீடு முழுக்க ஒட்டடை அடித்து எல்லாவற்றையும் துடைக்கும்போது மீன் தொட்டி மட்டும் பாசியோடு இருப்பானேன் என்று, மீனை வாளியில் பிடித்து விட்டு, கல்லைக் கொட்டி அலசி, கண்ணாடியைத் தேய்த்து, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் வைத்து வெள்ளைவெளேர் என்று ஆகும்வரை பிழிந்து, புதுத் தண்ணீர் நிரப்பி மீனை விட்டிருப்பார்கள். அக்கறையோடு செய்த வேலைதான். ஆனால் அந்த மீன்களை உயிரோடு வைத்திருந்த ஒன்றை அன்றைக்குக் குழாயடியில் கரைத்து விட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

சென்னை கொளத்தூரில் மீன் கடை வைத்து, வீடுகளுக்கும் கிளினிக்குகளுக்கும் தொட்டி பராமரித்துப் பதினான்கு வருடம் ஆகிறது. நோய் வந்து செத்த மீனைவிட இப்படிக் கழுவிக் கழுவிச் செத்த மீனைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். திருஷ்டி பட்டுவிட்டது, வீட்டுக்கு வர இருந்த கஷ்டத்தை மீன் வாங்கிக்கொண்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டு அடுத்த வாரமே புது மீன் வாங்க வருவார்கள். தண்ணீரைச் சோதிக்காமல் அவர்களுக்கு மீன் கொடுக்க எனக்கு மனம் வராது.

விஷயம் இதுதான். மீன் தின்றாலும் தின்னாவிட்டாலும் அதன் செவுள் வழியாக அம்மோனியா வெளியேறிக்கொண்டே இருக்கும். மிச்ச இரையும் கழிவும் அழுகி அதோடு சேரும். ஏரியில் அது கரைந்து போய்விடும்; இரண்டடி தொட்டியில், அதாவது ஐம்பத்தைந்து லிட்டர் சொச்சம் தண்ணீரில், அது எங்கே போகும்? அதைத் தின்றே பிழைக்கிற பாக்டீரியாக்கள் இருக்கின்றன. நைட்ரோசோமோனாஸ் வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரோஸ்பைரா வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அந்த அளவுக்கு மோசமில்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் நிற்கும். பழைய புத்தகங்களில் இரண்டாவது வேலைக்கு நைட்ரோபாக்டர் என்று போட்டிருக்கும், ஆனால் நன்னீர்த் தொட்டிகளில் அதைப் பெரும்பாலும் செய்வது நைட்ரோஸ்பைராதான் என்று 1998-ல் ஆய்வு வந்தது. 2015-ல் இரண்டு வேலையையும் தானே செய்து முடிக்கிற நைட்ரோஸ்பைராவையும் கண்டுபிடித்தார்கள், அதுவும் மீன் வளர்ப்பு ஃபில்டர் ஒன்றிலிருந்தே.

இவை தண்ணீரில் மிதந்துகொண்டு இருப்பவை அல்ல, ஒட்டி வாழ்பவை. ஆறு மாதம் ஓடிய ஃபில்டரிலிருந்து ஒரு செராமிக் ரிங்கை, அதாவது பாக்டீரியா ஒட்டி வளரப் போடும் சின்னப் பீங்கான் வளையத்தை, எடுத்து விரலால் தடவிப் பாருங்கள், வெண்டைக்காய் நறுக்கிய கத்திபோல வழவழவென்று பழுப்பாக ஒரு படலம் இருக்கும். பார்க்க அழுக்கு மாதிரிதான் இருக்கும். அந்தப் படலத்தில்தான் இவை குடியிருக்கின்றன. இன்னொன்று, இவை பெருகுவது மெதுவாக. நம் குடலில் இருக்கும் ஈ.கோலை வசதி கிடைத்தால் இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவற்றுக்கு அரை நாள், ஒரு நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதனால்தான் ஒரு புதுத் தொட்டி தயாராக நாலிலிருந்து ஆறு வாரம் என்று சொல்கிறோம். நம் ஊர் வெயிலில் தண்ணீர் 28 டிகிரிக்கு மேலேயே இருப்பதால் கொஞ்சம் முன்னதாகவே ஆகிவிடுகிறது, அவ்வளவுதான்.

பெரம்பூரில் ஒரு வீடு. ஐந்தாவது படிக்கும் பையன் பிறந்தநாளுக்குப் புதுத் தொட்டி, வைத்த அன்றே எட்டு கோல்டு ஃபிஷ். மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்த மாதிரி மங்கியதும் பயந்துபோய் முழுத் தண்ணீரையும் மாற்றியிருக்கிறார்கள். அது புதுத் தொட்டியில் வருகிற வேறு பாக்டீரியாக் கூட்டம், விட்டால் தானாகத் தெளியும். திரும்ப மங்க, திரும்ப மாற்ற, பத்தாம் நாள் மூன்று மீன்தான் மிச்சம். நான் போய் ஐந்து மில்லி தண்ணீர் எடுத்து அம்மோனியாவைச் சோதிக்கிற சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினேன். மஞ்சளாக நிற்க வேண்டியது, பையன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரும்பச்சையாக மாறியது. "தண்ணி கிளியராத்தானே அண்ணா இருக்கு?" என்றான். ஆமாம், கிளியராகத்தான் இருந்தது. அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது.

அங்கே போர் தண்ணீர் வேறு, பிஎச், அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் அளவு, 8-க்கு மேல். அம்மோனியாவின் விஷம் பிஎச் ஏற ஏறக் கூடும்: 28 டிகிரியில் பிஎச் 7 இருந்தால் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவத்தில் இருக்காது, 8 ஆனால் அது ஏறக்குறைய பத்து மடங்காகும். அதற்காகக் கேன் தண்ணீரையோ ஆர்ஓ தண்ணீரையோ மட்டும் ஊற்றி நிரப்பாதீர்கள். அதில் கார்பனேட் இருக்காது, பாக்டீரியாவுக்கு அது தேவை; பிஎச் மளமளவென்று இறங்கி 6-க்குக் கீழே போனால் அவை வேலையைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும்.

அப்போ எப்படித்தான் ஆரம்பிப்பது? மீன் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டும். தொட்டியை வைத்து, குளோரினைப் போக்கும் ஆன்டி குளோரின் மருந்து போட்டு, ஃபில்டரையும் ஏர் பம்பையும் நாள் முழுக்க ஓடவிட்டு, ஒரு பச்சை இறாலைத் துணியில் கட்டி உள்ளே தொங்கவிடுங்கள். வாசம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அது அழுகித் தருகிற அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு வந்ததும் எடுத்துவிடலாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை சோதித்தால், முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும்; நைட்ரைட் சோதனையில் ஆகாய நீலமாக நிற்க வேண்டிய தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்து வாரக்கணக்கில் அங்கேயே நிற்கும், பலரும் பொறுமை இழப்பது இங்கேதான். நடுவில் பாக்டீரியா பட்டினி கிடக்காமல் தினமும் ஒரு சிட்டிகை மீன் இரை போட்டு வாருங்கள். அப்படி இரை போட்டும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் இருக்கிறது என்று வந்த பிறகுதான் மீன். அதுவும் முதலில் நாலைந்து கப்பி மீன் போதும்.

சீக்கிரம் வேண்டுமென்றால் ஒரே வழி, உறை ஊற்றுவது. தயிருக்குப் பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவதில்லையா, அதேதான். நோய் இல்லாமல் மாதக்கணக்கில் ஓடுகிற தொட்டியின் பஞ்சில் பாதியை வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள். ஈரம் காயக்கூடாது, மூடிய வண்டியில் வெயிலில் வேகவும் கூடாது. கேட்டால் நான் காசு வாங்காமல் கொடுப்பேன், நல்ல கடைக்காரர் யாரும் கொடுப்பார். பாட்டிலில் விற்கிற பாக்டீரியாவை நான் பெரிதாக நம்புவதில்லை. சில பாட்டில்களில் இருப்பது கழிவை மக்க வைக்கிற பேசில்லஸ் வகை, அது நைட்ரோசோமோனாஸின் வேலையைச் செய்யாது. சரியான வகையே இருந்தாலும் நம் ஊர்க் கோடையில் மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் எவ்வளவு உயிரோடு மிஞ்சும்?

ஏற்கெனவே மீன் விட்டுவிட்டவர்கள் இரையைப் பாதியாகக் குறையுங்கள், தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். நைட்ரைட் ஏறினால் மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய்விடும், செவுள் காபிப் பொடி நிறத்துக்கு வரும். லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பைக் கரைத்து ஊற்றினால் நைட்ரைட் உள்ளே போவது குறையும், கோல்டு ஃபிஷ், மோலி எல்லாம் அதைத் தாங்கும். நீல மருந்து, அதாவது மெத்திலீன் ப்ளூ, அதைப் பயத்தில் பெரிய தொட்டியில் ஊற்றாதீர்கள், ஃபில்டர் பாக்டீரியாவையும் கெடுத்துவிடும். மருந்து தர வேண்டிய மீனைத் தனி டப்பில் எடுங்கள்.

அப்புறம் கரண்ட். 2016 வர்தா புயலின்போது நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல், கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருந்த வீடுகளில் கரண்ட் வந்தபின்தான் மீன் செத்தது. மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா அழுகிப்போய், மோட்டார் ஓடியதும் அந்த நாற்றத் தண்ணீர் மொத்தமும் தொட்டிக்குள் வந்தது. சில மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஃபில்டரைத் திறந்து, ரிங்கையும் பஞ்சையும் தொட்டித் தண்ணீரிலேயே போட்டு வையுங்கள், பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்திருங்கள்.

பெரம்பூர் வீட்டில் என் கடைப் பஞ்சில் உறை ஊற்றி, மிச்சமிருந்த மூன்று மீனோடு பதினெட்டாம் நாள் இரண்டு விஷமும் பூஜ்யத்துக்கு வந்தன. இந்த வருடம் போகிக்கு முந்தின நாள் அந்த அம்மா போன் செய்து, "கண்ணாடி மட்டும் துடைக்கலாமாப்பா?" என்று கேட்டார். முன் கண்ணாடியைத் துடையுங்கள், அடியில் கிடக்கும் கழிவைக் குழாய் வைத்து உறிஞ்சிக் கால் பங்கு தண்ணீர் மட்டும் மாற்றுங்கள், ஃபில்டரை அன்றைக்குத் தொடவே வேண்டாம், பதினைந்து நாள் கழித்துத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீர் வாளியிலேயே பஞ்சை இரண்டு தடவை அமுக்கி எடுத்தால் போதும் என்றேன்.