மரக்கூட்டுப் பலகை: சொல்லும் கணக்கும்

உலக வணிக அட்டவணைகளில் ‘வுட் பேனல்’ என்று குறிக்கப்படும் இனத்தை ‘மரப்பலகை’ என்று பெயர்த்துவிடுவது எளிது. ஆனால் தமிழில் மரப்பலகை என்றால் அடிமரத்தை வாளால் அறுத்தெடுத்த பலகை என்றே யாரும் கொள்வர். அனைத்துலகச் சுங்க வகைப்பாட்டில் அந்த அறுப்பு மரத்துக்கு 4407 என்ற தனித் தலைப்பு இருக்கிறது. பேனல் என்பதோ, மரத்தை மென்தகடாக உரித்தோ, சில்லுகளாக நறுக்கியோ, நாராகப் பிரித்தோ, அவற்றைப் பெரும்பாலும் பிசின் சேர்த்து அழுத்தி மீண்டும் பலகையாக்கிய பொருள். இவற்றுள் துகள் பலகை 4410, நார்ப்பலகை 4411, ஒட்டுப்பலகை 4412 ஆகிய தலைப்புகளின்கீழ் வருகின்றன.

‘பேனல்’ மரத்தோடு பிறந்த சொல்லன்று. துணியைக் குறிக்கும் ‘பான்னுஸ்’ என்ற இலத்தீன் சொல் பழைய பிரெஞ்சில் துணித்துண்டு என்ற பொருளில் வழங்கி, ஆங்கிலத்துக்கு வந்தது. நீதிமன்ற நடுவர் குழுவினரின் பெயர்களை எழுதிய தோல்துண்டுக்கும் அப்பெயர் ஏற்பட்டதால், வல்லுநர் குழுவும் இன்று பேனல் எனப்படுகிறது. கதவுச் சட்டத்துக்குள் பொருத்தும் தட்டைப் பகுதியைக் குறித்தது பின்னர் விரிந்த பொருள். ‘பிளைவுட்’ என்பதிலுள்ள ‘பிளை’ மடித்தல் என்னும் பொருளுடைய ‘பிளிகாரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்து, மடிப்பையும் அடுக்கையும் குறித்தது. ‘பிளைவுட்’ என்ற சொல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பரவியது. மரத்தை மெல்லிய தகடாக்கி ஒட்டும் கைத்திறனோ பண்டைய எகிப்தியர் அறிந்தது.

பிளைவுட்டுக்கு ‘ஒட்டுப்பலகை’ நன்கு பொருந்தி வழக்கிலும் நிலைத்துவிட்டது. அடுத்தடுத்த தகடுகளின் நாரோட்டம் குறுக்கும் நெடுக்குமாக அமைவதே அதன் வலிமை என்பதை மட்டும் அச்சொல் உணர்த்துவதில்லை. ஆனால் பேனல் என்ற முழுத் தொகுப்புக்கும் அதையே பெயராக்குவது பிழை. ஒட்டுப்பலகை அதன் ஓர் உறுப்பே. ‘மரவழிப் பலகை’ என்றாலும் அறுத்த பலகை உள்ளே நுழைந்துவிடும். பிரித்த மரத்தைக் கூட்டிச் செய்தது என்ற கருத்தைத் தரும் ‘மரக்கூட்டுப் பலகை’யே தகுந்த சொல் என்பது என் கருத்து. தச்சர்கள் எம்.டி.எஃப். என்று அழைப்பது நார்ப்பலகையின் ஒரு வகை. அதை ‘நடுத்தர அடர்த்தி நார்ப்பலகை’ என்று எழுதலாம், ஆனால் பேச்சில் எடுபடாது.

ஆசிய, ஐரோப்பிய ஏற்றுமதியைக் காலப்போக்கில் ஒப்பிடும்போது இந்த வேறுபாடு எண்களிலேயே வெளிப்படுகிறது. ஆசியாவின் ஏற்றுமதி வரலாறு பெரிதும் ஒட்டுப்பலகையின் வரலாறு. முதலில் சப்பான், தென்கொரியா, தைவான் ஆகியவை பிலிப்பைன்சு முதலிய நாடுகளின் உருட்டுமரத்தை வாங்கி ஒட்டுப்பலகையாக்கி விற்றன. இந்தோனேசியா 1980களில் உருட்டுமர ஏற்றுமதியைப் படிப்படியாகக் கட்டுப்படுத்தி 1985இல் தடை செய்ததும் ஆலைகள் மரம் விளையும் நாட்டுக்கே இடம்பெயர்ந்தன, அந்நாடும் 1980களின் இறுதிக்குள் இவ்வணிகத்தில் முதலிடம் பெற்றது. 2000க்குப் பின் அவ்விடம் சீனாவுக்குச் சென்றது. ஐரோப்பாவிலோ, இரண்டாம் உலகப்போருக்குப் பின் சிறுமரத்தையும் ஆலைக்கழிவையும் பயன்படுத்தும் துகள் பலகை ஓங்கி வளர்ந்தது. பின்லாந்தின் பிர்ச் மர ஒட்டுப்பலகை போன்றவை தனிச் சிறப்புடையவை. ஆகவே ‘ஒட்டுப்பலகை’ என்று எழுதினால் ஆசியா முந்தும். ‘மரக்கூட்டுப் பலகை’ என்று எழுதினால் ஐரோப்பா முந்தும்.

‘ஏற்றுமதி’ என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. செருமனியிலிருந்து அண்டை நாடான போலந்துக்குச் செல்லும் துகள் பலகையும் ஐரோப்பிய ஏற்றுமதியாகவே எண்ணப்படுவதால், கண்டத்தைவிட்டு வெளியேறாத சரக்கும் அதன் தொகையைப் பெருக்குகிறது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1961 முதலான வணிகப் புள்ளிவிவரத் தொடரை வெளியிடுகிறது. அதில் உருசியா முழுவதும், சைபீரியா உட்பட, ஐரோப்பாவின் கணக்கில் அமர்கிறது. மென்தகடும் முன்பு மரக்கூட்டுப் பலகைத் தொகுப்புக்குள் இருந்து, பின்வந்த வகைப்பாட்டில் தனியாயிற்று. எனவே நீண்ட காலத் தொடரை ஒப்பிடுவோர், மென்தகடு சேர்ந்ததா, வட்டார எல்லை எது, அளவு கனமீட்டரா டாலரா என்பவற்றை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிடுவது நல்லது.