அக்குபங்சர் புள்ளி: புள்ளியா, குழியா?

அக்குபங்சர் சீனச் சொல்லே இல்லை. லத்தீனில் 'அக்குஸ்' ஊசி, 'புங்க்தூரா' குத்துதல். டச்சு மருத்துவர் வில்லம் டென் ரைன் 1683இல் வெளியிட்ட நூலில் வந்த ஒட்டுச்சொல் அது. சீனர்கள் சொல்வது 'ஜென்ஜியு', அதாவது ஊசியும் சூடும். மாசிபத்திரி இனத்து மூலிகைப் பஞ்சை உருட்டிக் கொளுத்திச் சூடு காட்டுவதும் அதில் அடக்கம். நம் 'குத்தூசி மருத்துவம்' லத்தீனைப் பார்த்துச் செய்த சொல் என்பதால் சூடு விடுபட்டுப் போயிற்று.

அதைவிடப் பெரிய இடறல், ஊசி குத்தும் இடத்தைச் சொல்லும் 'புள்ளி'. ஆங்கில 'பாயின்ட்' வழியாக வந்தது. சீன மூலம் 'சுவே'. குகை, பொந்து, குழி என்று பொருள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள 'ஹேகு' கூடும் பள்ளத்தாக்கு, தோள்மேட்டு 'ஜியான்ஜிங்' தோள்கிணறு, உள்ளங்காலின் 'யொங்சுவான்' பொங்கும் ஊற்று. சீனாவின் சொங் வம்ச அரசவைக்காக மருத்துவர் வாங் வெய்யி 1027இல் வார்ப்பித்த வெண்கல உருவங்களில் இந்த இடங்கள் நிஜமாகவே துளைகள். மேலே மெழுகு பூசி உள்ளே நீர் நிரப்பி மாணவரைச் சோதிப்பார்களாம். ஊசி சரியாக இறங்கினால் நீர் கசியும்.

விரலால் தேடும்போது இந்த வேறுபாடு புரியும். செரியாமைக்கும் வயிற்றுப் பொருமலுக்கும் எடுக்கும் 'ட்சுசான்லி'யைப் பாருங்கள். முழங்காலை மடக்கினால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு பள்ளம் தெரியும். அங்கிருந்து நாலு விரல் அகலம் (சீன உடலளவில் 3 சுன்) கீழே இறங்கி, முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே போய், நுனிவிரலால் அழுத்தி மேலும் கீழும் நகர்த்த வேண்டும். சதை உள்வாங்கி மந்தமாக வலிக்கும் இடம்தான் குழி. அளக்க வேண்டியது நோயாளியின் விரலால். பெரியவர் தன் விரலை வைத்துக் குழந்தையின் காலை அளந்தால் இடம் தவறிக் கீழே போய்விடும்.

தோள்கிணற்றில் பெயரை நம்பி ஆழம் பார்க்கக் கூடாது. அடியில் நுரையீரலின் உச்சி. ஊசி பட்டுக் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கிய நிகழ்வுகள் மருத்துவப் பதிவுகளில் உண்டு. கர்ப்பிணிகளுக்கு இதுவும் ஹேகுவும் மரபிலேயே விலக்கு.

இந்த இடங்களை 'வர்மப் புள்ளி' என்று எழுதுவது பொருந்தாது. வர்மம் தனி முறை, கணக்கும் வேறு. 'ஊசிக்குழி' என்பதும் அரைகுறைதான். வெறும் 'குழி' போதும். தொண்டைக்குழி, தொப்புள்குழி என்று தமிழ் உடம்பை ஏற்கெனவே அப்படித்தான் அழைக்கிறது. இருமலுக்கும் இளைப்புக்கும் உரிய 'தியன்து' சரியாகத் தொண்டைக்குழியில் இருக்கிறது. தொப்புள்குழியும் கணக்கில் உண்டு, ஆனால் அங்கே ஊசி கூடாது. உப்பை நிரப்பி அதன்மேல் சூடு மட்டும்.