லாங் எக்ஸ்போஷர் – நெடுநேர ஒளிகாட்டல்

கடலோரப் பாறையைச் சுற்றி அலைகள் பனிமூட்டம் போலப் படிந்திருக்க, வானத்து மேகங்கள் தூரிகையால் இழுத்த கோடுகளாக நீண்டிருக்க, பாறை மட்டும் கன்னங்கரேலென்று அசையாமல் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பலரும் பார்த்திருப்போம். ஒளிப்படக்காரர்கள் இவ்வகைப் படத்தை ‘லாங் எக்ஸ்போஷர்’ என்கிறார்கள். இதைத் தமிழில் எழுத நேரும்போது ‘நீண்ட வெளிப்பாடு’ என்ற தொடர் எளிதாகக் கைக்கு வந்துவிடுகிறது. நானும் சில காலம் அப்படி எழுதியவன்தான். ஆனால் கேமராவுக்குள் நடப்பதற்கு நேர் எதிரான பொருளை அந்தத் தொடர் தருகிறது.

லத்தீனில் ‘எக்ஸ்’ என்பது வெளியே, ‘போனெரே’ என்பது வைத்தல். இரண்டும் சேர்ந்த ‘எக்ஸ்போனெரே’ வெளியே எடுத்துவைத்தல் என்று பொருள்படும். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த அச்சொல், வெயில், மழை, குளிர் போன்றவற்றின் முன் மறைப்பின்றி ஒன்றை விட்டுவைப்பதைக் குறித்தது. ஒளி பட்டால் மாறும் பூச்சுள்ள தகட்டை, இருட்டில் பொத்திவைத்திருந்து சிறிது நேரம் ஒளியின் முன் திறந்து வைப்பதே ஒளிப்படக்கலையில் எக்ஸ்போஷர் ஆயிற்று. தமிழில் வெளிப்பாடு என்றாலோ உள்ளே இருப்பது வெளியே வருவது. உணர்ச்சிக்கு வெளிப்பாடு உண்டு, தகட்டுக்கு ஏது? ‘ஒளியேற்றம்’ என்னும் மாற்றுச் சொல் இதைவிட மேல் என்றாலும், அதைக் கேட்டவுடன் விளக்கேற்றுவதுதான் நினைவுக்கு வருகிறது.

வேண்டிய சொல் நம் பேச்சிலேயே இருக்கிறது. பூச்சி அரிக்கும் புத்தகத்தை வெயிலில் காட்டுகிறோம், குளிரில் விறைத்த கையை அனலில் காட்டுகிறோம், காயத்தைத் தண்ணீரில் காட்டாதே என்கிறோம். இந்தக் ‘காட்டு’ கண்ணுக்குக் காட்டுவதன்று. ஒன்றின் தாக்கம் படும்படி மற்றொன்றை முன்னே வைப்பது. ‘எக்ஸ்போனெரே’ சொல்வதும் இதையேதான். ஆகவே எக்ஸ்போஷருக்கு ‘ஒளிகாட்டல்’ என்றும், லாங் எக்ஸ்போஷருக்கு ‘நெடுநேர ஒளிகாட்டல்’ என்றும் சொல்வதே பொருந்தும் என்பது என் முடிவு.

‘நெடுநேர’ என்ற அடைக்குக் காரணம் உண்டு. ஆங்கிலச் சொல் ஒளி விழும் நேரத்தையும் விழுந்த ஒளியின் மொத்த அளவையும் ஒன்றாகக் குறிப்பதால், புதிதாகப் படம் எடுக்க வருகிறவர்கள் நெடுநேரம் திறந்தால் படம் வெளுத்துவிடாதா என்று குழம்புகிறார்கள். மொத்த ஒளி என்பது ஒளியின் வலிமையை நேரத்தால் பெருக்கி வருவது. வலிமையை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்து நேரத்தை ஆயிரம் மடங்கு கூட்டினால் பெருக்கல் தொகை மாறுவதில்லை. நீள்வது நேரம் மட்டுமே. தமிழில் செயலை ஒளிகாட்டல் என்றும், நேரத்தை ஒளிகாட்டு நேரம் என்றும், தொகையை ஒளிகாட்டு அளவு என்றும் பிரித்து எழுதினால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

தொடக்கத்தில் ‘லாங்’ என்ற அடைமொழி தேவைப்படவே இல்லை, ஏனெனில் எல்லா ஒளிகாட்டலும் நெடுநேரமாகவே இருந்தது. 1826 அல்லது 1827இல் பிரான்சில் நீசெஃபோர் நியெப்ஸ் தன் வீட்டுச் சன்னலிலிருந்து எடுத்த படத்தில் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் வெயில் விழுந்திருக்கிறது. சூரியன் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் போகும்வரை தகடு திறந்தே இருந்ததற்கு அதுவே சாட்சி. 1838இல் லூயி தாகர் பாரிஸ் நகரத்துப் பெருந்தெரு ஒன்றை எடுத்தபோது, வண்டியும் ஆளுமாக நகர்ந்துகொண்டிருந்த அனைத்தும் மறைந்து, காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள நின்ற ஒருவரும் மெருகு போட்டவரும் படத்தில் தங்கினார்கள். தகடுகளின் நுண்ணுணர்வு கூடி நொடிக்கும் குறைவான நேரம் போதும் என்று ஆன பிறகே பழைய முறைக்குத் தனிப்பெயர் வேண்டியிருந்தது. விசைத்தறி வந்த பிறகு, அதுவரை வெறும் தறியாக இருந்தது கைத்தறி ஆனதைப் போன்றதே இது. ‘கறுப்பு வெள்ளை’ என்ற அடையும் வண்ணம் வந்த பிறகு ஒட்டிக்கொண்டதுதான்.

பகலில் நேரத்தை நீட்ட உதவும் கறுப்புக் கண்ணாடியை என்.டி. ஃபில்டர், அதாவது நியூட்ரல் டென்சிட்டி ஃபில்டர் என்பார்கள். ‘நடுநிலை அடர்த்தி வடிகட்டி’ என்று சொல்லுக்குச் சொல் வைத்தால் மூன்று சொல்லும் இடறுகின்றன. டென்சிட்டி என்பது இங்கே இயற்பியல் பாடத்து அடர்த்தியன்று. கழுவிய தகட்டின் கருமையை அளக்க ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்ற இருவர் 1890இல் வகுத்த மடக்கை (லாகரிதம்) அளவு. அதன்படி 0.3 என்றால் பாதி ஒளி, 0.9 என்றால் எட்டில் ஒரு பங்கு, 3.0 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. நியூட்ரல் என்பது எந்த நிறத்தின் பக்கமும் சாயாமல் எல்லாவற்றையும் ஒரே அளவில் குறைப்பது. ஃபில்டர் என்ற சொல்லோ, நீர்மத்தை வடிக்கப் பயன்பட்ட கம்பளித் துணியைக் குறித்த இடைக்கால லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வடித்தல் என்றால் ஒன்றை நிறுத்தி மற்றதை விடுவது. இந்தக் கண்ணாடி அப்படி எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. எனவே ‘நிறஞ்சாரா ஒளிகுறைப்பி’ என்பதே சரியாக இருக்கும். லென்ஸுக்குப் போட்ட கூலிங் கிளாஸ் என்றாலும் எல்லோருக்கும் புரியும், ஆனால் கட்டுரையில் எழுத முடியாது.

இந்தப் பெயருக்கு முழுத் தகுதியுள்ள கண்ணாடி அரிது. கருமை கூடிய ஒளிகுறைப்பிகள் சில அகச்சிவப்புக் கதிரைப் போதிய அளவு தடுப்பதில்லை. அதனால் வண்ணப் படத்தில் செம்பழுப்புச் சாயம் ஏறிவிடும். கறுப்பு வெள்ளைக்கு மாற்றியதும் அந்தச் சாயம் கண்ணில் படுவதில்லை. இந்த வகைப் படங்களில் கறுப்பு வெள்ளை மிகுந்திருப்பதற்கு அழகுணர்ச்சியோடு இந்தச் சௌகரியமும் ஒரு காரணம் என்பேன்.

வடிப்பான் என்ற சொல்லுக்குப் பொருத்தமானது கறுப்பு வெள்ளையில் பயன்படும் நிறக் கண்ணாடியே. சிவப்பு வடிப்பான் நீலத்தை நிறுத்திவிடுவதால் வானம் கறுத்து வெண்மேகம் எழும்பி நிற்கும். 1927இல் அமெரிக்க ஒளிப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் அந்நாட்டின் யோசெமிட்டி மலைமுகட்டை முதலில் மஞ்சள் வடிப்பானிலும் பிறகு அடர் சிவப்பிலும் எடுத்தார். புகழ்பெற்றது அந்த இரண்டாவது படம்.

செயலைப் பார்த்தால் சொல் தெளிவாகும். முக்காலியில் கேமராவை நிறுத்தி, காட்சியை வகுத்து, குவியத்தைச் சரிசெய்து பூட்டிய பிறகே பத்துப் படி ஒளிகுறைப்பியை மாட்ட வேண்டும். ஒரு படி என்றால் ஒளி பாதியாகும். மாட்டிய பின் காட்சித் துளையில் இருட்டுதான் தெரியும். கண்ணாடி இல்லாமல் ஒரு நொடியில் 60இல் ஒரு பங்கு போதும் என்று ஒளியை அளக்கும் மீட்டர் காட்டினால், ஒவ்வொரு படிக்கும் இரட்டித்து 1024 மடங்காக, ஏறத்தாழ 17 நொடி திறந்து வைக்க வேண்டும். அந்த 17 நொடியும் பாறை ஒரே இடத்துக்கு ஒரே ஒளியை அனுப்புகிறது. நுரையோ இங்கே ஒரு கணம், அங்கே ஒரு கணம் எனத் தன் வெண்மையைப் பரப்பிவிட்டுப் போக, பல அலைகளின் சராசரி மட்டும் பனியாகப் படிகிறது.

ஃபிலிமில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒளி மங்கி நேரம் நீளும்போது ஃபிலிம் சோர்ந்துபோவதால், கணக்கிட்ட நேரத்தைவிடக் கூடுதலாகக் காட்ட வேண்டும். கருந்துளைக் கணக்கால் பின்னாளில் அறியப்பட்ட வானியலாளர் கார்ல் ஷ்வார்ஸ்ஷில்டின் பெயரால் இவ்விளைவு வழங்குகிறது. எக்ஸ்போஷரை ‘ஒளியேற்பு’ எனலாமே என்றால், காட்டிய ஒளி வேறு, ஃபிலிம் ஏற்ற ஒளி வேறு என்பதால் அந்தச் சொல்லும் இங்கே நிற்காது. டிஜிட்டல் சென்சாருக்கு இந்தச் சோர்வு இல்லை. நெடுநேரம் திறந்திருந்தால் ஆங்காங்கே வெண்புள்ளிகள் முளைப்பதுதான் அதன் தொல்லை.

நிமிடக்கணக்கில் திறந்து வைக்கக் கேமராவில் ‘பி’ என்ற குறி இருக்கும். அது ‘பல்ப்’ என்பதன் சுருக்கம், ஆனால் மின்விளக்கோடு அதற்கு உறவில்லை. பழைய கேமராக்களில் ரப்பர்க் குமிழை அழுத்தினால் குழாய் வழியே போகும் காற்று, ஒளியை மறைத்து நிற்கும் ஷட்டரைத் திறக்கும். பிடியை விட்டால் ஷட்டர் மூடிக்கொள்ளும். அதற்குத் தமிழில் ‘குமிழ்த் திறப்பு’ என்று எழுதலாம்.