வெப்பத்திலும் ஓர் எதிர்காற்று

பெரிய வெள்ளியன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில், கேட்டோ மேனர் கோயில் தீமிதிக்குப் போனவர்களுக்குத் தெரியும், குழிக்குப் பத்தடி தள்ளி நின்றாலும் முகம் காந்தும். காற்று எதிர்ப்பக்கம் வீசினாலும் காந்தும். வந்து படுவது கண்ணுக்குத் தெரியாத ஒளி, அகச்சிவப்புக் கதிர். கங்கு மட்டுமல்ல, சுவர், தரை, நம் உடம்பு என்று எல்லாமே இதை வீசிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒளி பட்டால் சூடு ஏறுவதோடு மிக மெல்லிதாக ஒரு தள்ளு தள்ளும்.

சரி, காற்றே இல்லாத ஒரு பெட்டி, எல்லாச் சுவரும் ஒரே சூடு, நடுவே ஒரு துகள் வேகமாகப் பறக்கிறது. நாலா பக்கமும் சமமாகத் தள்ளினால் அதன் வேகம் ஏன் குறைய வேண்டும்? குறையும் என்று 1910-இல் ஐன்ஸ்டைனும் லுட்விக் ஹோப்ஃபும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

கோடை மழையில் குடையில்லாமல் ஓடிப் பாருங்கள். மழை நேராகத்தான் விழுகிறது, ஆனால் சட்டையின் முன்பக்கம்தான் அதிகம் நனையும். பறக்கும் துகளுக்கும் அப்படித்தான்: முன்னாலிருந்து வரும் ஒளி அதிகமாகவும், அலை நெருங்கி ஆற்றல் கூடியதாகவும் வந்து மோதுகிறது, பின்னாலிருந்து வருவது தளர்ந்து வருகிறது. வாங்கிய ஆற்றலைத் துகள் தன் பார்வையில் எல்லாப் பக்கமும் சமமாகத் திருப்பி வீசிவிடுவதால் முன்னால் பட்ட அடி ஈடாவதில்லை.

மின்சுமை இல்லாத துகளை ஒளி எப்படிப் பிடிக்கும் என்று கேட்கலாம். சுமை இல்லை என்பது மொத்தக் கணக்கு. உள்ளே கரு நேர்மின், எலக்ட்ரான் எதிர்மின். ஒளியின் மின்புலம் இரண்டையும் எதிரெதிராக இழுக்கிறது, அதுதான் பிடி. ஹைட்ரஜன் அணு அறைவெப்பக் கதிரை அநேகமாக விழுங்குவதே இல்லை. நீர் மூலக்கூறு நன்றாக விழுங்கும், ஆனால் 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) அலைநீளமுள்ள ஓர் ஒளித்துகள், அதாவது ஒளியின் ஒரு சிறு பொட்டலம், அதன் வேகத்தை நொடிக்கு 2 மில்லிமீட்டர் அளவுதான் மாற்றும். மூலக்கூறு நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் முன்னால் வரும் ஒளியின் அலைநீளம் லட்சத்தில் ஒரு பங்குதான் சுருங்கும். அதனால் தடை மிக மிக மெதுவாக வேலை செய்கிறது. முழுதாக நிறுத்தியும் விடாது. தாறுமாறாக விழும் அதே அடிகள் துகளை உலுக்கிக்கொண்டே இருப்பதால், சுவரின் வெப்பநிலைக்கு உரிய வேகத்தில் வந்து அடங்கும். ஒவ்வோர் ஒளித்துகளும் ஒரு திசையில் உந்தம், அதாவது தள்ளும் திறன், சுமக்கிறது என்று 1917-இல் ஐன்ஸ்டைன் காட்டியது இந்தச் சமநிலையை வைத்துத்தான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. சீரான வேகத்தை உள்ளிருந்து உணர முடியாது என்கிறதே சார்பியல், அப்புறம் தடை எங்கிருந்து வந்தது? அந்த வேகம் வெற்றுவெளியோடு ஒப்பிட்டது அல்ல, சுற்றியுள்ள வெப்பக் கதிரோடு ஒப்பிட்டது. அண்டம் முழுக்க 2.725 கெல்வினில் (கிட்டத்தட்ட மைனஸ் 270 டிகிரி செல்சியஸ்) ஒரு பழைய வெப்பக் கதிர் நிறைந்திருக்கிறது. சூரியன் அதனூடே நொடிக்குச் சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, அதனால் வானம் போகும் பக்கம் சுமார் 3.4 மில்லிகெல்வின் (கெல்வினில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லிகெல்வின்) சூடாகவும், எதிர்ப்பக்கம் அதே அளவு குளிர்ந்தும் தெரிகிறது என்பதை அளந்தே பார்த்துவிட்டார்கள். சூடான பக்கம் சிம்ம விண்மீன் கூட்டத்தின் ஓரம். தீமிதி மாதத்தில், இருட்டிய பிறகு, டர்பனில் நின்று வடக்கே உயரப் பார்த்தால் அது தெரியும்.