அந்தரத்தில் நிற்கும் கடலடிக் குழாய்

நார்வேயின் மேற்குக் கரைக்கு அப்பால், 800 முதல் 1,100 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது ஓர்மன் லாங்கே எரிவாயு வயல். ஏறத்தாழ 8,200 ஆண்டுகளுக்கு முன் ஸ்டோரெக்கா எனும் மாபெரும் கடலடி நிலச்சரிவு நடந்த இடம் அது. சரிந்த மண் இன்றும் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது; சில மேடுகள் 30 மீட்டருக்கும் மேல். அதன்மீது 30 அங்குல எஃகுக் குழாய்களைக் கரைவரை கொண்டுவர வேண்டியிருந்தது. அவ்வளவு தடித்த குழாய் ஒவ்வொரு குழிக்கும் வளைந்து கொடுக்குமா என்ன? இரண்டு மேடுகளில் உட்கார்ந்துகொண்டு நடுவில் அந்தரத்தில் நிற்கும்.

தன் எடையிலேயே ஒடிந்துவிடுமோ என்றுதான் முதலில் தோன்றும். அந்தக் கணக்கு சுலபம். உண்மையான தலைவலி நீரோட்டம்.

குழாயைத் தாண்டும் தண்ணீர் அதன் பின்னால் மேலும் கீழும் மாறிமாறிச் சுழல்களை உதிர்க்கிறது. நீரின் வேகத்தைக் குழாயின் விட்டத்தால் வகுத்து, 0.2-ஆல் பெருக்கினால், விநாடிக்கு எத்தனை முறை என்பது தோராயமாக வந்துவிடும். விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நீர் ஓடினால், இந்தக் குழாய்க்குச் சுமார் ஏழரை விநாடிக்கு ஒருமுறை. குழாயின் இயல்பான அதிர்வும் அதே தாளத்தில் இருந்துவிட்டால் போச்சு: சுழல்கள் குழாயின் ஆட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும், குழாய் தன் விட்டமளவுக்குக்கூட மேலும் கீழும் ஆடும். நாளொன்றுக்கு 11,000 தடவைக்கு மேல். எஃகு உடனே உடையாது. பற்றவைத்த இடங்களில் நுண்விரிசல் தொடங்கி மெல்ல வளரும்.

இயல்பான அதிர்வை முக்கியமாகத் தீர்மானிப்பது அந்தர நீளம்தான். நீளம் இரட்டிப்பானால் அதிர்வெண் சுமார் நாலில் ஒன்றாகிவிடும். இழுவிசையும் சேர்ந்துகொள்கிறது. வீணைத் தந்தியைத் தளர்த்தினால் சுதி இறங்குமே, அதுபோலத்தான். உள்ளே சூடான வாயு பாயும்போது குழாய் நீளப் பார்க்கும். இருபுறமும் மண் பிடித்திருப்பதால் அமுங்கும், அதிர்வெண் இறங்கும். அதனால் வெறுங்குழாயாக இருந்தபோது சரியாக இருந்த இடைவெளி, வாயு ஓடும்போது ஆபத்தாகலாம்.

சரி, நடுவில் கல்லைக் கொட்டி முட்டுக் கொடுக்கலாமே? கொடுக்கிறார்கள். ஆனால் கூம்பாகக் குவியும் கல்லின் உயரம் இரட்டித்தால் கல்லின் அளவு எட்டு மடங்காகும். ஆழமான பள்ளத்தில் இது கட்டுப்படியாகாது. அங்கே குழாயைச் சுற்றித் திருகுபோன்ற துடுப்புகளைப் பொருத்திச் சுழல்களைக் கலைக்கிறார்கள். அதிர்வே கூடாது என்று பிடிவாதம் பிடிக்காமல், எரிவாயு வயலின் ஆயுட்காலம் முழுவதும் எஃகில் சேரும் களைப்பைக் கணக்கிட்டு, வரம்புக்குள் இருந்தால் ஆட விட்டுவிடுவதும் உண்டு.